கல்லாவில் இருக்கும் மாமா ஏன் மாற மறுக்கிறார்?

"சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் என் மாமா, பதினான்கு வருடமாக ஒரே பில் போடும் மென்பொருளை விண்டோஸ் 7 கணினியில் ஓட்டுகிறார். 2023இல் ஜிஎஸ்டி 8 விழுக்காடு ஆனபோதும் 2024இல் 9 ஆனபோதும் அவரே உட்கார்ந்து மாற்றிக்கொண்டார். அதனால் கணினி தெரியாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் புது மென்பொருள் என்றால் மட்டும் 'இது நல்லாத்தானே ஓடுது, விடு' என்கிறார். அரசாங்க மானியம் கிடைக்கிறது, தொடுதிரை இருக்கிறது, கைப்பேசியிலேயே கணக்குப் பார்க்கலாம். எதைச் சொன்னாலும் நகரமாட்டேன் என்கிறார். பெரியவர்களுக்குத் தொழில்நுட்பம் என்றால் ஏன் இந்தப் பயம்? அவரை எப்படி மாற்றுவது?" இது தம்பி ஒருவர் கேட்ட கேள்வி.

தம்பி, இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் சிறு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மென்பொருள் போட்டுக் கொடுத்து, ஆட்களைப் பழக்கிவிடும் வேலை பார்க்கிறேன். உங்கள் மாமாவைப் போல நூறு பேரையாவது பார்த்திருப்பேன். அவர்களில் பயந்து மறுத்தவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களெல்லாம் கணக்குப் போட்டு மறுத்தவர்கள். புதிதில் என்ன வருகிறது என்று விற்பவர் சொல்கிறார். பழையதில் எது போகப்போகிறது என்று யாரும் சொல்வதில்லை. அது மாமாவுக்குத் தெரியும், சில சமயம் அவரது விரல்களுக்கு மட்டும் தெரியும். அதை வாயால் எடுத்துச் சொல்லத் தெரியாததால் "நல்லாத்தானே ஓடுது" என்று முடித்துக்கொள்கிறார்.

இதை நான் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஒரு கடை. மானியத்தில் புது பில்லிங் முறை வாங்கினார்கள், நான்தான் போய்ப் போட்டேன். பளிச்சென்ற தொடுதிரை, பொருளுக்குப் பொருள் படம், விற்பனை அறிக்கை எல்லாம் உண்டு. கல்லாவில் இருந்த அக்கா பதினொரு வருட அனுபவம் உள்ளவர். அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் எல்லாவற்றின் எண்களும் அவருக்கு மனப்பாடம். விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டார். கண் வாடிக்கையாளரின் கூடையில் இருக்கும், கை தன் பாட்டுக்கு எண்களைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தக் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. விடுமுறை நாளில் விடுதிகளிலிருந்து வரும் ஊழியர்கள் ஒரு வாரத்துக்கான சாமானை வாங்கிப் போவார்கள். பாதி பில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர், "அக்கா, கறிவேப்பிலை மறந்துட்டேன், ஒரு நிமிஷம்" என்று உள்ளே ஓடுவார். பழைய மென்பொருளில் அக்கா எஃப்7 விசையைத் தட்டுவார். அந்த பில் அப்படியே நிற்கும், அடுத்தவரின் பில் தொடங்கிவிடும். ஓடினவர் திரும்பி வந்ததும் எஃப்8. விட்ட இடத்திலிருந்து கணக்குத் தொடரும். வரிசை ஒரு கணம்கூட நிற்காது.

புதிய முறையிலும் அந்த வசதி இருந்தது. ஆனால் திரையின் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட வேண்டும். ஒரு பட்டியல் வரும். அதில் 'நிறுத்திவை' என்பதைத் தொட்டால் ஒரு பெயர் கேட்கும். பெயர் தட்டி 'சரி' சொல்ல வேண்டும். திரும்ப எடுக்க இன்னொரு பட்டியல். அக்கா இரண்டு ஞாயிறு போராடினார். மூன்றாவது ஞாயிறு, பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் பேனாவால் கணக்கு எழுத ஆரம்பித்தார். மறுநாள் முதலாளி பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்து வந்து கல்லாவில் வைத்துவிட்டார். தொடுதிரை பின்கட்டில் பருப்பு மூட்டைகளுக்கு மேல் போய் உட்கார்ந்தது.

தவறு என்னுடையது. அந்தக் கடையை நான் போய்ப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. கடையில் இரண்டே பேர் இருந்தார்கள். முதலாளியிடம் ஒரு மணி நேரம் பேசினேன், அக்காவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

பயன்படுத்த எளிது என்று ஒரு மென்பொருளைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லவே முடியாது. 1998இல் வந்த ஐஎஸ்ஓ 9241 என்ற அனைத்துலகத் தரநிலையின் 11ஆம் பகுதி இதற்கு ஒரு வரையறை சொல்கிறது: குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட வேலையை, குறிப்பிட்ட சூழலில், சரியாகவும் விரைவாகவும் மனநிறைவோடும் செய்ய முடிகிறதா? இதில் 'குறிப்பிட்ட' என்ற சொல்தான் உயிர். அந்தத் தொடுதிரை நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு, ஆளில்லாத செவ்வாய்க்கிழமை காலையில் மிக எளிது. படத்தைப் பார்த்துத் தொட்டால் போதும். பதினொரு வருட அனுபவம் உள்ளவருக்கு, ஞாயிறு மாலையில் அதே திரை பெரிய தடை. படம் பார்த்துத் தொட வேண்டுமென்றால் கண் கூடையை விட்டுத் திரைக்கு வந்தாக வேண்டும். விரல்கள் சேர்த்துவைத்த அறிவு முழுவதும் ஒரே நாளில் செல்லாக்காசு ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். தன் தொழிலில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்த ஒருவர், வரிசையில் நிற்கும் நாற்பது பேர் பார்க்க, முந்தாநாள் சேர்ந்த பையனைப் போலத் தடுமாற வேண்டியிருக்கிறது. அந்த அக்கா என்னிடம் பிறகு சொன்னார்: "தம்பி, வேலை கஷ்டமா இருந்தது பரவாயில்ல. எனக்கு வேலை தெரியாதுன்னு நெனச்சுட்டாங்களேன்னுதான் அழுகை வந்துச்சு." இதற்கு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் மருந்து கிடையாது.

இந்த நாடே சேர்ந்து உங்கள் மாமா மாதிரி மறுத்த கதை ஒன்று உண்டு. 2024 ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு விட்டது. பணம் நிரப்பிவைத்துப் பயணக் கட்டணத்துக்குத் தட்டும் பழைய வகை ஈசிலிங்க் அட்டைகளையும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளையும் ஜூன் 1 முதல் வயதுவந்தோர் பேருந்திலும் ரயிலிலும் பயன்படுத்த முடியாது, அவர்கள் எல்லாரும் சிம்ப்ளிகோ என்ற புதுக் கட்டண முறைக்கு மாற வேண்டும் என்றது. சிம்ப்ளிகோவில் நன்மைகள் இருந்தன. கைப்பேசியிலேயே பணம் நிரப்பலாம், அட்டை தொலைந்தால் முடக்கி மீதிப் பணத்தைக் காப்பாற்றலாம், பயணக் கணக்கைப் பார்க்கலாம். ஆனால் ஒன்று போனது. வாயிலில் அட்டையை வைத்ததும் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்று காட்டும் இரண்டு எண்கள். அவ்வளவுதான். அந்த இரண்டு எண்களுக்காக ஊரே கொந்தளித்தது.

ஏன் என்று அப்போது தோ பாயோவில் ஒரு பாட்டியோடு பேருந்தில் போனபோது புரிந்தது. இறங்கும்போது அட்டையைத் தட்டிவிட்டு அந்தத் திரையைக் குனிந்து பார்த்தார். "மூணு வெள்ளி சொச்சம் இருக்கு. நாளைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம், அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். அவருடைய வாரக் கணக்கு அந்தத் திரையில் இருந்தது. செயலியைத் திறந்து பார்க்கலாமே என்றால், அவர் கையில் செயலி கிடையாது. இருந்தாலும் பேருந்துப் படியில் நின்று செயலியைத் திறப்பவர் யார்?

தொழில்நுட்பக் காரணம் நியாயமானதுதான். பழைய முறையில் மீதித் தொகை அட்டையின் சில்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வாயிலில் உள்ள கருவி அதைப் படித்து, கழித்து, திரும்ப எழுதிவிடும். அதனால் உடனே காட்ட முடிகிறது. சிம்ப்ளிகோவில் கணக்கு வேறோர் இடத்துச் சர்வரில் இருக்கிறது. அங்கே கேட்டு வாங்கிக் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் சில விநாடிகள் கூடும், காலை நேரத்தில் வாயிலில் வரிசை நீளும். பொறியாளர் பார்வையில் முதுகெலும்பு மேம்பட்டது, ஒரு சின்ன எண் போனது. பயணி பார்வையில் முதுகெலும்பு கண்ணுக்கே தெரியாது, அந்த எண் மட்டும்தான் தெரியும். கார் நிறுத்துமிடத்துக்கும் பேருந்துக்கும் ஒரே அட்டையை வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு குறை: சிம்ப்ளிகோ ஈசிலிங்க் அட்டை அப்போது வாகனக் கட்டணங்களுக்குச் செல்லவில்லை.

13 நாளில், ஜனவரி 22ஆம் தேதி, அரசாங்கம் முடிவை மாற்றியது. பழைய முறையைக் குறைந்தது 2030 வரை வைத்திருக்க 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகச் செலவிடுவதாக அறிவித்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஜனவரி 9ஆம் தேதி அறிவிப்பு வருவதற்கு முன்பே வயதுவந்த பயணிகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சிம்ப்ளிகோவைத் தாங்களாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். கட்டாயம் இல்லாதவரை யாரும் சண்டை போடவில்லை. வேண்டியவர் போனார், வேண்டாதவர் இருந்தார். கதவை மூடப் போகிறோம் என்றதும்தான் சிக்கல். உங்கள் மாமா விஷயத்திலும் இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

மனிதர்கள் போவதை வருவதைவிடப் பெரிதாக எடைபோடுகிறார்கள் என்பதை டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இலேயே எழுதிவைத்தார்கள். நூறு வெள்ளி தொலைந்த வலி, நூறு வெள்ளி கிடைத்த மகிழ்ச்சியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பின்னால் வந்த சோதனைகளில் கணக்கிட்டார்கள். ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஜான் கோர்வில் 2006இல் இதை விற்பவர் பக்கத்திலிருந்தும் பார்த்தார். வாங்குபவர் தன் கையில் இருப்பதைச் சுமார் மூன்று மடங்கு உயர்த்தி மதிப்பிடுகிறார், செய்தவர் தன் புதுப் பொருளை மூன்று மடங்கு உயர்த்தி மதிப்பிடுகிறார், ஆக இருவருக்கும் நடுவே ஒன்பது மடங்கு பள்ளம் என்றார். நான் பார்த்த கடைகளில் இது அப்படியே நடக்கிறது. விற்பவர் தன் மென்பொருளோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவர், அவருக்கு அது இயல்பான உலகம். மாமாவும் தன் மென்பொருளோடு வாழ்ந்தவர். எது நல்லது என்று இருவருக்கும் நிச்சயமாகத் தெரியும், இருவரும் உண்மையாகவே சொல்கிறார்கள்.

அதற்கு மேல் அனுபவம் வேறு. மைக்ரோசாஃப்ட் 2012 அக்டோபரில் விண்டோஸ் 8ஐ விட்டபோது, பதினேழு வருடமாக மக்கள் தேடிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார்ட் பொத்தானைத் தூக்கிவிட்டது. ஒரு வருடம் கழித்து 8.1 பதிப்பில் திரும்பக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் சோனோஸ் என்ற ஒலிபெருக்கி நிறுவனம் தன் செயலியை முழுதாக மாற்றி எழுதி வெளியிட்டது. பழையதில் இருந்த அலாரம், தூங்கப்போகும் நேரத்துக்கான டைமர் முதலிய வசதிகள் புதியது வந்தபோது அதில் இருக்கவில்லை. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்த ஒலிபெருக்கியில் நேற்று வரை வேலை செய்தது இன்று இல்லை. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், 2025 ஜனவரியில் பதவியையும் விட்டார். இப்படி நாலு முறை சூடு பட்டவர் 'அப்டேட்' என்ற சொல்லைக் கேட்டதும் கையை இழுத்துக்கொள்வது அறிவுள்ள செயல்தான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஆகிவிடக்கூடாது என்று பார்க்கிறார்.

நம் மொழியிலேயே இந்தப் போராட்டம் நடந்திருக்கிறது, எனக்கு மனத்துக்கு நெருக்கமான விஷயம் இது. தொண்ணூறுகளில் தமிழைக் கணினியில் ஏற்ற ஆளுக்கொரு எழுத்துருவும் ஆளுக்கொரு குறியீடும் வைத்திருந்தோம். ஓர் எழுத்துருவில் அடித்ததை வேறு எழுத்துருவில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடக்கும். இதைச் சரிசெய்ய முன்னின்றவர்களில் நம்மூர் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி முக்கியமானவர். 1997இல் முதல் தமிழிணைய மாநாடு இங்கே சிங்கப்பூரில்தான் நடந்தது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். 'அம்மா' என்று அடிக்க ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குத் தானே புள்ளி விழும். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம், விரலுக்கும் நோகாது.

ஆனால் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் ஊறியவர்கள் அதற்கு வர மறுத்தார்கள். ஒரு சங்க அலுவலகத்தில் அழைப்பிதழ் அடிக்கும் அண்ணன் ஒருவருக்கு நான் அதைப் பழக்கப் போனேன். அவருக்குத் தட்டச்சில் 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். தாளில் எழுதும் வரிசையிலேயே அடித்துப் பழகியவர். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடாக வந்த யூனிகோடு முறையில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். "நான் தமிழ் எழுதுற மாதிரிதானே அடிக்கிறேன், உங்க கணினி ஏன் தலைகீழா கேக்குது?" என்றார். நல்ல கேள்வி. அவர் முப்பது வருடமாக நிமிடத்துக்கு எத்தனையோ சொல் அடிக்கும் மனிதர். நாங்கள் கொண்டுபோனது நல்லதுதான், ஆனால் அவருடைய முப்பது வருடத்தை எடுத்துக்கொண்டு கொடுத்தோம்.

பிறகு வழி எப்படிப் பிறந்தது? தட்டச்சு இயந்திர அமைப்பிலேயே விசையைத் தட்டினாலும் உள்ளுக்குள் யூனிகோடாக மாற்றிப் பதியும் மென்பொருள்கள் வந்தன. அண்ணன் தன் விரலை மாற்றவே இல்லை, அவர் அடித்தது மட்டும் உலகம் முழுதும் படிக்கும்படி மாறிவிட்டது. ஆங்கில ஒலிப்பில் அடிக்க விரும்பியவர்களுக்கு அஞ்சல் முறை. இன்றைக்கு ஐஃபோனிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டும் இருக்கின்றன, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டு, கை பழகிய முகத்தை விட்டுவைத்தார்கள். யூனிகோடு நம் மக்களிடம் நிலைத்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, இவ்வளவும் மாமா பக்கம் பேசினேன். இப்போது உங்கள் பக்கம். அந்தக் கணினியை அப்படியே விட முடியாது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 10க்கே வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மாமாவின் கணினியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் கிடையாது என்று இதற்குப் பொருள்.

2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற பிணைப்பண நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இடையில் ஏறக்குறைய இரண்டு மாதம். போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள், அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம்மூரில் 2018இல் சிங்ஹெல்த் ஊடுருவலில் 15 லட்சம் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன, அவர்களில் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. பல காரணங்களைப் பட்டியலிட்ட விசாரணைக் குழு, ஒரு பணியாளர் கணினியில் அவுட்லுக் மென்பொருளுக்கான திருத்தம் போடப்படாமல் இருந்ததையும் சுட்டிக்காட்டியது.

ஆக ஓட்டையை அடைக்கும் திருத்தம் வேறு, முகத்தை மாற்றும் புதுப்பிப்பு வேறு. மக்கள் மறுப்பது இரண்டாவதை. ஆனால் நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி, 'இப்போதே புதுப்பிக்கவும்' என்று ஒரே பொத்தானாக நீட்டுகின்றன. பொத்தானை அமுக்கினால் மாத்திரையும் விழுங்க வேண்டும், வீட்டுச் சாமானையும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவும் கடை திறக்கும் நேரத்தில் கணினி தானாக அணைந்து, சதவிகிதம் ஓடிக்கொண்டிருக்கும். மக்கள் 'பிறகு' என்பதைத் தட்டப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தில் மாத்திரையும் சேர்ந்தே தள்ளிப்போகிறது. இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. மக்களின் தயக்கத்தை நாங்கள்தான் வளர்த்தோம்.

திருத்தமே கவிழ்ப்பதும் உண்டு. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கையால் எழுதிப் பயணிகளை ஏற்றின. ஆகவே புதுப்பித்தால் எல்லாம் பத்திரம் என்று மாமாவிடம் அடித்துச் சொல்லாதீர்கள், அவர் செய்தி பார்ப்பவர்.

இனி உங்கள் மாமா விஷயம். முதலில் மென்பொருளைப் பற்றி அவரிடம் பேசவே பேசாதீர்கள். அந்தக் கணினியில் உள்ள ஹார்ட் டிஸ்கைப் பற்றிப் பேசுங்கள். பதினான்கு வருடம் ஓடிய டிஸ்க் எந்தக் காலையிலும் நின்றுபோகலாம். நின்றால் பொருள் பட்டியல், விலை, யார் எவ்வளவு கடன் பாக்கி என்ற கணக்கு எல்லாம் அதோடு போகும். அவருக்கு இது உடனே உறைக்கும், ஏனென்றால் இது அவருடைய இழப்பு. இரண்டு பென் டிரைவில் நகல் எடுங்கள், ஒன்றை வீட்டில் வையுங்கள். கணினியில் இணையக் கேபிள் செருகியிருந்தால், பில் போட அது தேவையா என்று பாருங்கள். கைப்பேசி வழியே பணம் வாங்கும் பேநவ் கியூஆர் அட்டை தனியாகத்தானே ஒட்டியிருக்கும். தேவையில்லை என்றால் கழற்றிவிடுங்கள். முழுப் பாதுகாப்பு ஆகாது, ஆனால் பெரிய வாசலை அடைத்ததாகும். இந்த இரண்டையும் இந்த வாரமே செய்துவிடலாம், யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு மாலை போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் பாருங்கள். கல்லாவில் இருப்பவர் எந்த விசைகளைத் தட்டுகிறார், எதற்குத் தட்டுகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் மறந்துபோகும் விஷயங்கள் பார்த்தால் கிடைக்கும். ஜான் கேரல், மேரி பெத் ராசன் என்ற ஐபிஎம் ஆய்வாளர்கள் 1987இல் எழுதியது இதற்குப் பொருந்தும்: மக்கள் கையேட்டைப் படித்துக் கற்றுக்கொள்வதில்லை, வேலையை முடிக்க வழி தேடுகிறார்கள், கிடைத்த வழியிலேயே தொடர்கிறார்கள். அந்தக் கிடைத்த வழிகள்தான் உங்கள் தாளில் வர வேண்டும்.

அந்தத் தாளோடு விற்பவரிடம் போங்கள். விசைப்பலகையில் குறுக்கு விசைகளை நாமே வைத்துக்கொள்ள முடியுமா? பழைய பொருள் எண்களை அப்படியே ஏற்ற முடியுமா? பாதி பில்லை நிறுத்திவைக்க எத்தனை தட்டு? இணையம் போனால் பில் போடுமா? நாளைக்கு உங்களை விட்டு வேறிடம் போனால் என் கணக்கை எடுத்துப் போக முடியுமா? இவற்றுக்கு அவர் வாயால் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், கடைக்கு வந்து கல்லாக்காரர் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். மாமா ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவர் என்பதால், மின்னியல் விலைப்பட்டியல் அனுப்பும் இன்வாய்ஸ்நவ் முறை பற்றியும் கேளுங்கள். 2025 நவம்பரிலிருந்து புதிதாகத் தொடங்கி விருப்பப்பட்டு ஜிஎஸ்டிக்குப் பதிவுசெய்யும் நிறுவனங்களுக்கு அது கட்டாயம் ஆகிவிட்டது. பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. மானியம் பாதிச் செலவு வரை கிடைக்கும், ஆனால் கையெழுத்தும் முன்பணமும் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அவசரத்தில் முன்பணம் கட்டிவிட்டு மானியத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னால் தொடங்காதீர்கள், பொங்கலுக்கு முன்னாலும் வேண்டாம். செவ்வாய், புதன் காலைகளில் மட்டும் புதியதில் பில் போட்டுப் பழகட்டும், ஞாயிறு பழையதிலேயே ஓடட்டும். கல்லாக்காரர் தானாக "ஞாயிறும் இதிலயே பாத்துக்கலாம்" என்று சொல்லும்வரை காத்திருங்கள். அதுவரை, அதற்குப் பின் ஒரு மாதமும்கூட, பழைய கணினியைக் கடையை விட்டு எடுக்க யாரையும் விடாதீர்கள். சிம்ப்ளிகோ பற்றிச் சொன்னது இதற்காகத்தான். திரும்பிப் போகக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் துணிந்து முன்னால் போகிறார்கள். பருப்பு மூட்டை மேல் தொடுதிரை உட்கார்ந்த கடையிலும் ஒன்றரை வருடம் கழித்து இப்படித்தான் மாற்றினோம். இந்த முறை விசைப்பலகை உள்ள முறை, எஃப்7உம் எஃப்8உம் அதே இடத்தில். அக்கா மூன்றாவது வாரமே ஞாயிறுக்கும் சரி என்றார். பார்கோடு ஸ்கேனர் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு மாலை எழுதிய அந்தத் தாள் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தெந்த வசதியை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சேர்ந்து பார்க்கலாம். அதற்கு முன் பென் டிரைவ் இரண்டையும் வாங்கிவிடுங்கள் தம்பி.